காருக்கு மாற்று ஏர் ஃபில்டர், இன்டேக் கிட் தேர்ந்தெடுப்பது எப்படி? நம் தூசிக்கும் வெயிலுக்கும் ஏற்ற முழுமையான வழிகாட்டி

1,200 சிசி பெட்ரோல் எஞ்சின் ஒன்று, ஆக்சிலரேட்டர் முழுதாக மிதிக்கப்பட்ட நிலையில் நிமிடத்துக்கு 3,000 சுற்றுகள் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவு முழுவதற்கும் காற்றை இழுக்கும் என்பதால், கணக்குப்படி நிமிடத்துக்கு 1,800 லிட்டர் காற்று தேவை. சிலிண்டர்கள் 80 சதவீதம்தான் நிரம்புகின்றன என்று கொண்டாலும் 1,440 லிட்டர், அதாவது மணிக்கு 86 கன மீட்டருக்கு மேல். அந்தக் காற்றில் மிதந்துவரும் மணல் தூசியைத் தடுக்க எஞ்சினுக்கு முன்னால் இருப்பது, பெரும்பாலான சிறிய கார்களில், சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு காகித ஃபில்டர் மட்டுமே.

அந்தத் தூசியின் முக்கியப் பகுதி குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. சிலிண்டர் சுவரின் வார்ப்பிரும்பை அது எளிதாகக் கீறும். கண்ணுக்குத் தெரியும் பெரிய துகள்களைவிட 5 முதல் 20 மைக்ரான் அளவுள்ள துகள்கள்தான் எஞ்சினுக்கு மிகவும் ஆபத்தானவை. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையில் உள்ள ஆயில் படலத்துக்குள் நுழையும் அளவுக்கு அவை சிறியவை, நுழைந்தபின் இரு பக்கத்தையும் ஒருசேரத் தேய்க்கும் அளவுக்குப் பெரியவை. இந்தத் தேய்மானம் முதல் ஆண்டில் தெரியாது. ஆயில் குறைவது, கம்ப்ரஷன் இறங்குவது, புகை வருவது என்று அது வெளிப்படும்போது எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வேறு வழி இராது.

ஆகவே, மாற்று ஃபில்டர் எதுவானாலும் அது எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதை முதலிலும், எவ்வளவு தாராளமாகக் காற்றை விடுகிறது என்பதை அதன் பின்னரும் பார்க்க வேண்டும். விற்பனை விளம்பரங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. கீழே உள்ள படிகள் அனைத்தும் சரியான வரிசையில் முடிவெடுக்க உதவுவதற்காக எழுதப்பட்டவை.

முதல் படி: என்ன மாற்றம் வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

ஃபில்டரை மாற்ற விரும்புகிறவர்கள் பொதுவாகச் சொல்லும் காரணங்கள் மைலேஜ், பிக்கப், சத்தம், நீண்டகாலச் சிக்கனம் ஆகியவை. இவற்றில் மைலேஜை உடனே ஒதுக்கிவிடலாம். இன்றைய பெட்ரோல் கார்களில் எஞ்சின் கணினி ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்துக்கொண்டே, ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தைக் காத்துவருகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலையும் அது குறைத்துவிடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்து ஓட்டிப் பார்த்தபோதும் நவீனப் பெட்ரோல் கார்களின் எரிபொருள் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. முழு வேக முடுக்கம் மட்டுமே குறைந்தது. கார்புரேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் அடைத்த ஃபில்டர் உண்மையிலேயே பெட்ரோலைக் குடிக்கும். அந்தக் காலத்து அனுபவம்தான் இன்றும் மெக்கானிக்குகளின் வாய்மொழியாகத் தொடர்கிறது.

இதற்கான காரணம் எளிமையானது. நகரத்தில் மெதுவாக ஓட்டும்போது எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் திராட்டில் தகடு பாதிக்கு மேல் மூடியே இருக்கிறது. அதைத் தாண்டியபின் சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் இன்டேக் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. காற்றின் வழியில் ஓட்டுநரே ஒரு கதவைச் சாத்தி வைத்திருக்கும்போது, அதற்கு முன்னால் உள்ள ஃபில்டர் கொடுக்கும் சிறிய தடை கணக்கிலேயே வராது.

டீசல் வண்டியின் நிலை வேறு. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் காற்றைக் கட்டுப்படுத்திச் சக்தியைக் குறைக்கும் முறை கிடையாது. மெதுவாகப் போகும்போதும் அவை தேவைக்கு மிஞ்சிய காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். எனவே ஒரே கொள்ளளவுள்ள பெட்ரோல் காரைவிட டீசல் காரின் ஃபில்டர் விரைவில் நிறையும். நிறைந்தால் புகைக்கரி கூடும். பிஎஸ்6 மாசு விதிக்கு உட்பட்ட வண்டியாக இருந்தால் அந்தக் கரி முழுவதும் சைலன்சருக்கு முன்னால் உள்ள, கரியைப் பிடிக்கும் வடிகட்டியான டிபிஎஃப்பில் போய்ச் சேரும். டீசல் கார் வைத்திருப்பவர் வேறு வகை ஃபில்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன், இருக்கும் ஃபில்டரைக் காலத்தில் மாற்றுகிறோமா என்று பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: ஃபில்டர் பாக்ஸைத் திறந்து பாருங்கள்

பானெட்டைத் திறந்ததும் தெரியும் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டிதான் ஃபில்டர் பாக்ஸ். நான்கைந்து கிளிப்புகளோ ஸ்குருக்களோ அதை மூடியிருக்கும். எஞ்சின் ஆறியபின் திறந்து, ஃபில்டர் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறது என்பதை ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு வெளியே எடுக்கவும். அதன் விளிம்பில் அச்சிடப்பட்டுள்ள பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளவும். ஒரே மாடலில்கூட ஆண்டையும் எஞ்சினையும் பொறுத்து ஃபில்டர் வேறுபடுவது உண்டு என்பதால் வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்குவது சரிவராது.

இப்போது மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, ஃபில்டருக்குப் பிந்தைய சுத்தமான பக்கம். ஒரு வெள்ளைத் துணியால் அந்தச் சுவரையும், எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் உட்புறத்தையும் துடைத்துப் பாருங்கள். துணியில் செம்மண்ணோ சாம்பல் நிறத் தூசியோ ஒட்டினால், பழைய ஃபில்டர் சரியாக அடைத்து அமரவில்லை அல்லது வடிகட்டவில்லை என்று பொருள். புதிய ஃபில்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் இந்தக் கசிவுக்கான காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்; பெரும்பாலும் உடைந்த கிளிப், வளைந்த மூடி, விறைத்துப்போன ரப்பர் விளிம்பு ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும்.

இரண்டாவது, ஃபில்டர் பாக்ஸிலிருந்து வெளியே வரும் மூக்குப் போன்ற குழாய். அதன் வாய் ரேடியேட்டருக்கு மேலே கிரில்லை ஒட்டித் திறந்திருக்கிறதா, எஞ்சின் பக்கம் திரும்பியிருக்கிறதா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டு வாசலில் நாட்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இந்தக் குழாய்க்குள் எலி தேங்காய் நாரையும் காகிதத் துண்டுகளையும் கொண்டுவந்து சேர்த்திருப்பது சர்வ சாதாரணம். பிக்கப் குறைந்துவிட்டது என்று புதிய இன்டேக் கிட் (ஃபில்டரோடு பெட்டியையும் குழாயையும் மாற்றும் தொகுப்பு) வாங்கப் புறப்படுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, சென்சார். ஃபில்டரைத் தாண்டியவுடன் குழாயின் மேல் ஒரு சிறிய சென்சார் நான்கைந்து கம்பிகளுடன் பொருத்தப்பட்டிருந்தால், அது பெரும்பாலும் காற்றின் எடையை அளக்கும் மாஃப் சென்சார். அந்த இடத்தில் எதுவும் இல்லாமல், மேனிஃபோல்டில் மட்டும் சென்சார் இருந்தால் உங்கள் வண்டி அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் வகையைச் சேர்ந்தது. நான்காம், ஐந்தாம் படிகளில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியமாகும்.

மூன்றாம் படி: இப்போதுள்ள தடை எவ்வளவு என்பதை அளந்துகொள்ளுங்கள்

பலரும் தாண்டிச் செல்லும் படி இதுதான். பல ஆயிரம் ரூபாய் செலவழிக்கப்போகும் ஒருவர், பழைய ஃபில்டர் உண்மையில் எவ்வளவு தடுக்கிறது என்று அறியாமல் அந்தப் பணத்தைச் செலவிடுவது நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

வண்டியின் கணினியில் உள்ள அளவுகளைப் படித்து, ஃபோனுடன் ப்ளூடூத்தில் இணையும் சிறிய ஓபிடி ஸ்கேனர் ஒன்று போதும். டர்போ இல்லாத, மேப் சென்சார் உள்ள பெட்ரோல் காரில் இக்னிஷனை மட்டும் போட்டு, எஞ்சினை ஓட்டாமல் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் படித்தால் அது அன்றைய வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். கடலோர ஊரில் அது ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் இருக்கும். பிறகு, போக்குவரத்து இல்லாத சாலையில், வேக வரம்பைத் தாண்டாமல், இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து மேல் சுற்றுகள் வரை கொண்டுபோய், அந்த நேரத்து அழுத்தத்தைச் செயலியில் பதிவாக்க வேண்டும். வண்டி ஓட்டுபவர் ஃபோனைப் பார்க்கக் கூடாது. பதிவை நிறுத்தியபின் படித்துக்கொள்ளலாம். 100 கிலோபாஸ்கலில் தொடங்கி 96 வரை இறங்கியிருந்தால், மூக்குக் குழாய், ஃபில்டர், ஹோஸ், திராட்டில் பாடி ஆகிய எல்லாம் சேர்ந்து ஏற்படுத்தும் இழப்பு 4 கிலோபாஸ்கல். ஃபில்டர் அதில் ஒரு பகுதி மட்டுமே.

இப்போது ஒரு கணக்கு. முழு வேகத்தில் ஃபில்டர் மட்டும் 1.5 கிலோபாஸ்கல் இழப்பைத் தருகிறது என்றும், புதிய ஃபில்டர் அதைப் பாதியாக்குகிறது என்றும் கொள்வோம். மீள்வது 0.75 கிலோபாஸ்கல், 100 கிலோபாஸ்கலில் முக்கால் சதவீதம், அதாவது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 85 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினில் இது அரையைச் சற்றுத் தாண்டிய குதிரைத்திறன். அதுவும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்த நிலையில், மேல் சுற்றுகளில் மட்டுமே. ஓட்டுநரின் முதுகுக்கு இது தெரிய வாய்ப்பில்லை.

அதே ஸ்கேனரில் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையையும் படிக்கலாம். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஒருமுறையும், சிக்னலில் நிற்கும்போது ஒருமுறையும் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது உள்ளே வரும் காற்று வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரி மட்டுமே கூடுதலாக இருந்தால், கம்பெனி கொடுத்த மூக்குக் குழாய் ஏற்கெனவே தன் வேலையை நன்றாகச் செய்கிறது. குளிர்ந்த காற்றைத் தருவதாகச் சொல்லும் எந்தக் கிட்டும் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றைத் தர முடியாது.

நான்காம் படி: எந்தப் பொருளால் ஆன ஃபில்டர்?

காகித ஃபில்டர் என்று நாம் அழைப்பது பிசின் ஊட்டப்பட்ட செல்லுலோஸ் தாள், நெருக்கமாக மடிக்கப்பட்டு, சுற்றிலும் பாலியூரித்தேன் விளிம்புடன் வருவது. இதைப் பற்றி அறிய வேண்டிய ஒன்று உண்டு: புதியதாக இருக்கும்போதைவிட, சிறிது தூசி படிந்தபின் இது இன்னும் நன்றாக வடிகட்டும். மேலே படியும் தூசிப் படலமே நுண்ணிய துகள்களைப் பிடிக்கும் இரண்டாவது வடிகட்டியாகிவிடுகிறது. எனவே, லேசாக நிறம் மாறியவுடன் தூக்கி எறிவதும், வாரம் ஒருமுறை கழற்றித் தட்டுவதும் எஞ்சினுக்கு நன்மை செய்வதில்லை; ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சுத்தமான பக்கத்தில் தூசி விழும் வாய்ப்புதான் கூடுகிறது.

எண்ணெய் தோய்ந்த பருத்தி வலை ஃபில்டர்களை உலகெங்கும் பரப்பியது, 1969-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் தொடங்கப்பட்ட கே அண்டு என் நிறுவனம். இத்தாலியின் பிஎம்சி போன்றவையும் இதே வழியில் வருகின்றன. பருத்தி அடுக்குகளின் இரு பக்கமும் கம்பி வலை. இழைகளின் மேல் உள்ள ஒட்டும் எண்ணெய் தூசியைப் பிடிக்கும். காகிதத்தைவிடத் துளைகள் பெரியவை என்பதால் காற்று எளிதாகப் போகும். கழுவி மீண்டும் பயன்படுத்தலாம். ஆனால் வடிகட்டும் வேலை எண்ணெயை நம்பியிருக்கிறது. எண்ணெய் குறைந்தால் தூசி உள்ளே போகும்; கூடினால் எண்ணெய்த் துளிகள் காற்றோடு போய் மாஃப் சென்சாரின் சூடான கம்பியின் மேல் படியும். அப்படிப் படிந்தால் சென்சார் காற்றைத் தவறாக அளக்கும். எஞ்சின் சீராக ஓடாது. செக் எஞ்சின் விளக்கும் எரியக்கூடும். நம் ஊரில் இந்தக் குறை பெரும்பாலும் ஃபில்டரால் வருவதில்லை, கழுவியபின் கைநிறைய எண்ணெய் ஊற்றுவதால்தான் வருகிறது.

ஃபோம் ஃபில்டர்கள் பெரிய துகள்களை அதிக அளவில் தாங்கும். அதனால்தான் மண் தடங்களில் ஓடும் பைக்குகளில் இவை அதிகம். எஞ்சின் வெப்பத்தில் சில ஆண்டுகளில் ஃபோம் உதிரத் தொடங்கும் என்பதும், உதிர்ந்த துணுக்குகள் எஞ்சினுக்குள்தான் போகும் என்பதும் அன்றாடக் காருக்கு இதை நான் பரிந்துரைக்காததற்குக் காரணங்கள். கடைசியாக, எண்ணெய் தேவையில்லாத செயற்கை இழை ஃபில்டர்கள். இவற்றில் சில ஒருமுறை பயன்படுத்தி மாற்றுவதற்கானவை, சில கழுவிப் பயன்படுத்துவதற்கானவை. மாஃப் சென்சார் உள்ள வண்டியில் காகிதத்தைத் தவிர்த்து வேறு ஒன்று வேண்டும் என்பவருக்கு இந்த உலர் வகையே பாதுகாப்பானது.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் சதவீதத்தைப் படிக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டர்களைச் சோதிக்கும் சர்வதேசத் தரநிலை ஐஎஸ்ஓ 5011. அதில் வடிகட்டும் திறன், தாங்கும் தூசியின் அளவு, குறிப்பிட்ட காற்றோட்டத்தில் ஏற்படும் அழுத்த இழப்பு ஆகிய மூன்றும் அளக்கப்படுகின்றன. சோதனைத் தூசியில் நுண்ணியது, கரடுமுரடானது என்று வகைகள் உள்ளன. கரடுமுரடான தூசியில் எடுத்த சதவீதம் எப்போதும் அழகாகத் தெரியும். எந்தத் தூசி என்று சொல்லாத சதவீதத்துக்கு மதிப்பில்லை. மேலும், 99 சதவீதமும் 97 சதவீதமும் அருகருகே இருப்பவை போலத் தோன்றினாலும், 100 கிராம் தூசியில் முதலாவது ஒரு கிராமையும் இரண்டாவது மூன்று கிராமையும் உள்ளே விடுகின்றன. எஞ்சினுக்குத் தெரிவது அந்த மூன்று மடங்கு வித்தியாசம்தான்.

உங்கள் சாலை எப்படிப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காட்டை ஒட்டிய ஊர்கள், கல்குவாரி லாரிகள் போகும் வழிகள், ஆடிக் காற்று மண்ணை வாரி இறைக்கும் உடுமலை, பல்லடம் வட்டாரங்கள், பாலம் கட்டும் பணி நடக்கும் நகரச் சாலைகள் ஆகியவற்றில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு நல்ல காகித ஃபில்டரும், கையேட்டில் தூசி மிகுந்த சூழலுக்குச் சொல்லியிருக்கும் குறைந்த இடைவெளியில் அதை மாற்றுவதுமே சரியான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

ஐந்தாம் படி: இன்டேக் கிட் வேண்டுமா?

இன்டேக் கிட் என்பது ஃபில்டரை மட்டுமின்றிப் பெட்டியையும் குழாயையும் சேர்த்து மாற்றுவது. பெட்டியை அகற்றிவிட்டு எஞ்சினுக்கு அருகிலேயே கூம்பு வடிவ ஃபில்டரைத் திறந்தபடி வைப்பது மலிவான வகை. குழாயை நீட்டி ஃபில்டரைப் பம்பருக்குள் கீழே கொண்டுபோவது இரண்டாவது வகை. மூடிய பெட்டிக்குள் பெரிய ஃபில்டரை வைப்பது மூன்றாவது, விலை உயர்ந்த வகை.

திறந்த கூம்பு ஃபில்டரின் பெரிய குறை வெப்பம். வெளியே 38 டிகிரி செல்சியஸ் இருக்கும் மதியத்தில், நெரிசலில் நகரும் காரின் பானெட்டுக்குள் காற்று 60 டிகிரியைத் தொடுவது எளிது. 38-லிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 6.5 சதவீதம் குறைகிறது. உள்ளே போகும் வழியில் எல்லாக் காற்றும் ஓரளவு சூடாவதால் சக்தி இழப்பு முழுதாக அதே அளவு இராது. ஆயினும் ஃபில்டர் மாற்றத்தால் கிடைத்த முக்கால் சதவீதத்தை விழுங்கிவிட அது தாராளமாகப் போதும். போதாததற்கு, சூடான காற்றில் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) வரும் என்று கணினி ஸ்பார்க் விழும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ளிவிடும். அப்படியிருந்தும் கூம்பு ஃபில்டர் போட்டவர்கள் வண்டி பாய்கிறது என்று மனதார நம்புகிறார்கள். கம்பெனிப் பெட்டியும் அதனுடன் இருக்கும் ரெசனேட்டர் என்ற சத்தம் தணிக்கும் அறையும் அடக்கி வைத்திருந்த உறிஞ்சல் சத்தம் வெளியே கேட்பதுதான் அந்த நம்பிக்கையின் ஊற்று. சத்தம் பிடித்திருக்கிறது என்பதற்காக வாங்குபவரிடம் எனக்கு எந்த மறுப்பும் இல்லை; சத்தத்தைச் சக்தி என்று எண்ணி வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

கீழே இறங்கும் குழாய் வெப்பத்தைத் தவிர்க்கிறது, ஆனால் தண்ணீரைத் தேடிப் போகிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னைத் தெருக்களில் தண்ணீர் நின்ற உயரத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் சுருங்காது, சிலிண்டருக்குள் போன தண்ணீரைப் பிஸ்டன் அழுத்த முயலும்போது பிஸ்டனைக் கிராங்க்குடன் இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்ப்பு இல்லாத சாதாரண மோட்டார் காப்பீடு இத்தகைய சேதத்துக்குப் பொதுவாகப் பணம் தருவதில்லை. சேர்ப்பு இருந்தாலும், காற்று இழுக்கும் வாயைக் கீழே இறக்கியது நீங்கள்தான் என்பது இழப்பீட்டுக் கோரிக்கையின்போது பேச்சாகும். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஊரில் இருப்பவர் இந்த வகையைத் தொடவே கூடாது.

மாஃப் சென்சார் உள்ள வண்டியில் குழாயின் விட்டம் இன்னொரு சிக்கல். சென்சார் குழாயின் நடுவில் ஒரு சிறு பகுதியின் ஓட்டத்தை மட்டும் அளந்து, மொத்தக் காற்றையும் அதிலிருந்து கணக்கிடுகிறது. சென்சார் இருக்கும் இடத்தில் குழாயின் விட்டம் 10 சதவீதம் பெரிதானால் பரப்பு 21 சதவீதம் பெரிதாகும். அதே அளவு காற்று மெதுவாகப் போகும். சென்சார் காற்று குறைந்துவிட்டது என்று எண்ணும். ஆக்சிஜன் சென்சாரைக் கொண்டு கணினி இதை ஓரளவு ஈடுசெய்யும். முழு வேகத்தில் அந்தத் திருத்தம் சரியாக நடக்காமல், பெட்ரோல் குறைவாகவும் வெப்பம் அதிகமாகவும் எஞ்சின் ஓட நேரிடும். எனவே, சென்சார் அமரும் பகுதியின் உள்விட்டம் கம்பெனிக் குழாயின் உள்விட்டத்துக்கு இம்மியும் மாறாமல் இருக்கிறதா என்று கேலிப்பரால் அளந்து பார்க்காமல் எந்தக் கிட்டையும் வாங்க வேண்டாம்.

டர்போ வண்டிகளில் நல்ல மூடிய இன்டேக்குக்குச் சிறிது பயன் உண்டு. அதுவும் எஞ்சினை ரீமேப் செய்து (அதன் கணினியின் அமைப்பை மாற்றி) அதிகக் காற்று தேவைப்படும் நிலையில் மட்டும். மறுபுறம், டர்போவின் கம்ப்ரஸர் சக்கரம் மிக அதிக வேகத்தில் சுழல்வதால், மோசமான ஃபில்டரைத் தாண்டி வரும் மணல் முதலில் அரிப்பது அதன் இறக்கைகளைத்தான்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவு அனுமதியற்ற மாற்றங்களுக்குத் தண்டனையையும் வகுத்தது. கம்பெனிப் பெட்டிக்குள் வேறு ஃபில்டர் வைப்பது சாதாரணப் பராமரிப்பு. பெட்டியையே அகற்றுவதை வாரன்டி தரும் சர்வீஸ் சென்டரும், சோதனையிடும் அதிகாரியும் அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

ஆறாம் படி: வாங்கும் இடமும் வாங்கும் முறையும்

நாள்தோறும் அலுவலகம், கடை, ஊர் என்று ஓட்டும் பெரும்பாலானோருக்கு மேலே சொன்னவை அனைத்தும் ஒரே முடிவைத் தரும்: கம்பெனிப் பெட்டியிலேயே அமரும், எண்ணெய் தோய்க்காத, தரமான காகித அல்லது செயற்கை இழை ஃபில்டர். வண்டிக் கம்பெனியின் அசல் பாகம், அல்லது பாஷ், மாலே, மான், பியூரோலேட்டர், எலோஃபிக் போன்ற ஃபில்டர் தயாரிப்பாளர்களின் பாகம் போதுமானது.

சென்னை ஜி.பி. ரோடு போன்ற ஸ்பேர்ஸ் சந்தைகளில் அசலும் டூப்ளிகேட்டும் அருகருகே விற்கப்படுகின்றன. பில் தரும் கடையில் வாங்குங்கள். பழைய ஃபில்டரையும் கையில் கொண்டுபோய், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். நீள அகலம் பொருந்தினால் மட்டும் போதாது. விளிம்பின் தடிமன், மடிப்புகளின் எண்ணிக்கை, மடிப்பின் ஆழம் ஆகியவை பொருந்த வேண்டும். டூப்ளிகேட்டில் தாளை மிச்சப்படுத்த மடிப்புகளைக் குறைத்திருப்பார்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊசித் துளைகள் போன்ற ஒளிப் புள்ளிகளோ, தாளும் விளிம்பும் சேரும் இடத்தில் பிளவோ தெரியக் கூடாது. விளிம்பை அழுத்தினால் அமுங்கி மீள வேண்டும். பிளாஸ்டிக் போல விறைப்பாக இருந்தால் அது பெட்டியின் பள்ளத்தில் அடைத்து அமராது.

கழுவிப் பயன்படுத்தும் ஃபில்டர் நாளடைவில் சிக்கனம் என்ற வாதத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். காகித ஃபில்டர் 400 ரூபாய், பருத்தி ஃபில்டர் 5,000 ரூபாய் என்று கொண்டால், ஒன்றின் விலையில் மற்றொன்றைப் பன்னிரண்டு முறை வாங்கலாம்; 20,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினாலும் அது 2,40,000 கி.மீ. ஓடும். கழுவும் திரவத்துக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவு தனி.

ஏழாம் படி: பொருத்துதல்

பழைய ஃபில்டரை எடுத்தபின், எஞ்சினுக்குப் போகும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, பெட்டியின் அடிப்பகுதியில் உள்ள மண், இலை, பூச்சிகளை ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். திறந்த பெட்டிக்குள் கம்ப்ரஸரால் காற்றடிப்பது, அடியில் இருக்கும் மண்ணை எஞ்சின் பக்கம் அனுப்பும் செயல். பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளை இருந்தால் அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டரின் விளிம்பு பள்ளத்தில் நான்கு பக்கமும் அமர்ந்ததை விரலால் தடவி உறுதி செய்துகொண்டு, துணியை நினைவாக எடுத்துவிட்டு, மூடியைப் போடுங்கள். கிளிப் மூட மறுத்தால் பலம் காட்ட வேண்டாம். ஃபில்டர் திரும்பியிருக்கும், அல்லது தவறான பாகமாக இருக்கும். சென்சாரின் ஒயர் கனெக்டரைக் கழற்றியிருந்தால் மீண்டும் செருகி, ஹோஸ் கிளாம்ப்பை இறுக்குங்கள். ஃபில்டருக்குப் பிறகு உள்ள ஹோஸில் ஒரு சிறிய வெடிப்பு இருந்தாலும், எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டரும் வீண்.

எட்டாம் படி: பராமரிப்பும் சோதனையும்

காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. பங்க்சர் கடையில் அதிக அழுத்தத்தில் காற்றடித்துச் சுத்தம் செய்வது நம் ஊரில் பரவலான பழக்கம். அந்த வேகத்தில் தாளின் இழைகள் விலகி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழும். பயணத்தின் நடுவே வேறு வழியில்லாதபோது, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, குறைந்த அழுத்தத்தில், தள்ளி வைத்து ஊதலாம். ஊருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். மழையில் நனைந்து அலைபோல் வளைந்த காகித ஃபில்டரை உலர்த்திப் பயன்படுத்தக் கூடாது.

பருத்தி ஃபில்டரை அதற்குரிய திரவத்தில் ஊறவைத்து, சுத்தமான பக்கத்திலிருந்து வெளிநோக்கிக் குறைந்த வேகத் தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாக உலர விட வேண்டும். பெட்ரோலோ டீசலோ கொண்டு கழுவக் கூடாது. உலர்ந்தபின் ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும் மெல்லிய கோடாக எண்ணெய் விட்டு, அரை மணி நேரம் போல் ஊற விட்டு, வெளுத்துத் தெரியும் இடங்களில் மட்டும் மீண்டும் தொட்டு வைத்தால் போதும். மீந்து வடியும் எண்ணெயைத் துடைத்தபின்தான் வண்டியில் பொருத்த வேண்டும்.

எந்த ஃபில்டரைத் தேர்ந்தெடுத்தாலும், பொருத்திய 1,000 கி.மீ.க்குப் பிறகு ஒருமுறை ஹோஸைக் கழற்றி, உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால், அடுத்த சர்வீஸ் வரை பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. தூசி தெரிந்தால், அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கவனியுங்கள். விளிம்பின் ஒரு மூலையிலிருந்து கோடாக நீண்டால் அடைப்புச் சரியில்லை. ஃபில்டரை எடுத்து மீண்டும் அமர்த்துங்கள் அல்லது உடைந்த கிளிப்பை மாற்றுங்கள். மூடியின் உட்புறம் முழுவதும் பொடி பூசியது போலப் பரவியிருந்தால் தூசி ஃபில்டரின் ஊடாகவே வருகிறது. அதைக் கழற்றிவிட்டுக் கம்பெனி ஃபில்டரைப் போட்டு, சென்சாரைச் சோதிக்கச் சொல்லி, அடுத்த ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் உடனே செய்துவிடுங்கள்.